நூற்றுக்குப் பதினொன்று

எண்ணெய் ஆலையின் இறக்குமேடையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு சின்னக் கத்தி, ஒரு வெள்ளைத் தட்டு. தோட்டக்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் ஆலிவ் கூடைகளுக்குள் முழங்கை வரை கையை விடுவாள். அடியிலிருந்து ஒரு பிடி, நடுவிலிருந்து ஒரு பிடி, ஓரத்திலிருந்து ஒரு பிடி என்று நூறு பழம் எடுத்துத் தட்டில் பரப்புவாள். சந்தேகப்பட்டதை வெட்டிப் பார்ப்பாள். கடைசியில் விரல்களை மூக்கருகே கொண்டுபோவாள். நூற்றில் பத்து வரை அழுகல் இருந்தால் சரக்கு முதல் தொட்டிக்குப் போகும். அது சாப்பாட்டு எண்ணெய். பத்தைத் தாண்டினால் இரண்டாம் தொட்டி, அது சோப்புக்கு. ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு எந்தப் பக்கம் விழும் என்பதை அவள் வாய்தான் சொல்ல வேண்டும். எனவே அவளை யாருக்கும் பிடிக்காது. எதிரில் ‘அம்மா’ என்பார்கள். முதுகைத் திருப்பியதும் ‘மோப்பக்காரி’.

அவளும் யாருக்கும் பிடித்தவளாக இருக்க மெனக்கெட்டதில்லை. சிரித்துப் பேசினால் அடுத்த நாள் சலுகை கேட்பார்கள் என்று சிரிப்பையே குறைத்துக்கொண்டாள். ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கூடையின் மேல் வைத்து நீட்டினார். அவள் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் எடை போடும் தராசுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கூடைக்குள் கையை விட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. போயிருந்தாலும் இலையில் என்ன விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு வரும் முன் எட்டு வருடம் ஒரு பழக் கிடங்கில் இருந்தாள். பீச், பிளம், ஆப்பிள் என்று பெட்டி பெட்டியாகத் தரம் பிரிப்பது வேலை. பீச் பழத்தில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி விழுந்தால் மூன்று நாளில் பழம் முழுக்கச் சாம்பல் நிறப் பொடி பூத்துவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் பழமும் அதே வழியில் போகும். விழாமல் கிளையிலேயே வற்றித் தொங்கும் சுருங்கல் பழம்தான் அடுத்த வருட நோய்க்கு விதை. இதெல்லாம் அங்கே கைப்பழக்கமாக வந்தது. அழுகல் கண்ணுக்குத் தெரியும் முன்னமே அவள் மூக்குக்குத் தெரியும். ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தால் வருமே, அந்த வாடை.

அவளுக்கு ஒரே அண்ணன். அப்பா விட்டுப்போன நூற்று நாற்பது ஆலிவ் மரங்களும் அண்ணன் கையில். அப்பா இறந்த மூன்றாம் மாதம் அவன் ஒரு காகிதத்தோடு வந்தான். தோட்டத்துக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் இழுக்க வாரிசு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். அது தன் பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம் என்று அவளுக்குத் தெரிய வந்தபோது ஆறு வருடம் ஓடியிருந்தது. வேறு ஏதோ வேலையாகப் பதிவு அலுவலகத்துக்குப் போன இடத்தில் எழுத்தர் வாசித்துக் காட்டினார்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் ஏணிக்குப் படி மாற்றிக்கொண்டிருந்தான்.

“படிக்காம போட்டது உன் தப்பு,” என்றான், சுத்தியலைக் கீழே வைக்காமலே.

“அண்ணன் நீட்டின காகிதத்தை வக்கீல் வச்சா படிப்பாங்க?”

“கட்டிக் கொடுத்தாச்சு. பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. இன்னும் என்ன, மரத்தைப் பாதி பாதியா அறுத்துத் தரவா?”

உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். வா என்று கூப்பிடவில்லை.

அதற்கடுத்த அறுவடையில் அண்ணனின் முதல் சரக்கு மேடைக்கு வந்தது. அவள் நூறு பழம் எடுத்தாள், பரப்பினாள், வெட்டினாள். ஒன்பது. திரும்ப எண்ணினாள். ஒன்பதுதான். அண்ணன் டிராக்டரின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு வேறு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது.

“பதினொண்ணு,” என்றாள் தராசுக்காரரிடம். “ரெண்டாம் தொட்டி.”

அண்ணன் குதித்து இறங்கினான். கத்தினான். தட்டைக் காட்டச் சொன்னான். அதற்குள் அவள் தட்டைக் கூடையில் கவிழ்த்துவிட்டிருந்தாள். அன்று மதியம் முழுக்க அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. மாலையில் சோறு இறங்கவில்லை. மறுநாள் வந்த சரக்குகளை இரண்டு முறை, மூன்று முறை எண்ணினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. அதன் பிறகு அண்ணனின் சரக்கு வரும்போதெல்லாம் தராசுக்காரரையே எண்ணச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

நான்கு வருடம் போனது. பிறகு அந்த மழை வருடம் வந்தது.

காய் பச்சையிலிருந்து ஊதாவுக்குத் திரும்பும் நேரத்தில் பிடித்த மழை ஆறு வாரம் விடவில்லை. நின்று பெய்த மழையும் இல்லை. விட்டு விட்டுத் தூறி, நடுவில் புழுக்கம் அடித்தது. மரங்கள் நெருங்கி அடைந்து கிடந்த தோட்டங்களில் இலை காயவே இல்லை. மழைக்கு முன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அடித்தவர்கள் நாலைந்து பேர் தப்பித்தார்கள். மற்றவர்கள், போன வருடம் காசை மிச்சம் பிடித்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட்டார்கள்.

அறுவடையின் முதல் நாள் வந்த மூன்றாவது வண்டியிலேயே அவள் கை நின்றுவிட்டது. பழத்தில் பள்ளமான பழுப்பு வட்டம். வட்டத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பசை போல ஒன்று, விரலில் ஒட்டியது. வெட்டினால் உள்ளே சதை சோப்புக் கட்டி போல வழுக்கியது. நூற்றுக்கு முப்பத்து நாலு.

“ரெண்டாம் தொட்டி.”

அடுத்தது இருபத்தெட்டு. அதற்கடுத்தது நாற்பத்தொன்று. மதியத்துக்குள் பதினேழு வண்டிகள் இரண்டாம் தொட்டிக்குப் போயின. முதல் தொட்டியின் இயந்திரம் சும்மா நின்றது.

அண்ணனின் வண்டி மூன்றாம் நாள் வந்தது. தராசுக்காரர் அன்று காய்ச்சலில் வரவில்லை. அவளே எண்ண வேண்டியதாயிற்று. மேலே இருந்த பழங்கள் பளபளவென்று இருந்தன. அடியிலிருந்து எடுத்தவை கையிலேயே நசுங்கின. முப்பத்தேழு.

“எனக்குத் தெரியும்டி,” என்றான் அண்ணன். மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான். “பத்திரத்துக்காகப் பழி வாங்குற. எனக்கு மட்டும் பண்ணா தெரிஞ்சுபோயிடும்னு ஊருக்கே பண்ற.”

“கையை விட்டுப் பாரு. சூடு தெரியுதா? எத்தனை நாளா மூட்டையில வச்சிருந்த?”

“மூட்டையைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?”

“மரத்துல போன வருஷத்துச் சுருங்கல் பழம் அப்படியே தொங்குது. பஸ்ல போகும்போதே தெரியுது. அதுலேருந்துதான் மழையில சொட்டிச் சொட்டி—”

“என் தோட்டத்தைப் பாக்க உனக்கு யாரு கண்ணு கொடுத்தா?”

அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாக முனகிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சொன்ன காரணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மழையோடு சண்டை போட முடியாது; மோப்பக்காரியோடு போடலாம்.

அவள் புருஷன் தையல்காரர். தெருவைப் பார்த்த முன் அறையில் தையல் மெஷின், பின் அறையில் குடித்தனம். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அழுகிய ஆலிவை வாளியோடு கொண்டுவந்து கதவிலும் படியிலும் அப்பியிருந்தார்கள். அவர் துடைப்பத்தை எடுத்துவந்து கழுவினார். எண்ணெய்ப் பிசுக்கு மரத்தில் ஊறிவிட்டது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. அன்று பகலில் தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிப் போக ஆட்கள் வந்தார்கள். வெட்டியது, வெட்டாதது, பாதி தைத்தது எல்லாம் போயின. கடைசியாக வந்தது அண்ணி. நான்கு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். சண்டைக்கு நடுவிலும் அளவு சரியாக வருவது இங்கேதான் என்று தந்தவள்.

“மூணு தைச்சாச்சு,” என்றார் அவர்.

“தைக்காததைக் கொடுங்க. தைச்சதை உங்க பொண்டாட்டியே போட்டுக்கட்டும்,” என்றாள் அண்ணி. பிறகு உள் அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “கூடப் பொறந்தவன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டவளுக்கு உடம்புல துணி நிக்குமான்னு பாப்போம்!”

அவள் வெளியே வந்தாள். “அண்ணி, மண்ணை நான் போடல. மரத்துல வத்திப்போன பழத்தைக் கூடப் பறிச்சுப் போடாம வச்சிருந்தது யாரு?”

“நாத்தனார் வாயும் அழுகலும் ஒண்ணு. தொட்டா பரவும்.” அண்ணி துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

புருஷன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு வருஷம் கண்ணை மூடிட்டுப் போயேன். ஊரோட ஒத்து வாழ்ன்னு சும்மாவா சொன்னாங்க?”

“கண்ணை மூடலாம். மூக்கை எங்க மூடுறது?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

வாரக் கடைசியில் ஆலை மேனேஜர் கூட்டம் போட்டார். ஆலைக் கிடங்கின் நடுவில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர். அவளை எல்லோருக்கும் எதிரே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சிலர் தங்கள் தோட்டத்துப் பழத்தைப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். சிலர் வெறும் கையோடு கத்தத்தான் வந்திருந்தார்கள். மேனேஜர் மூன்று தடவை மேசையைத் தட்டினார்.

அண்ணன் எழுந்தான். அவன் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“ஒரே ஒரு கேள்வி. நாலு வருஷத்துக்கு முன்னாடி என் முதல் லோடு. பதினொண்ணுன்னு சொன்ன. தட்டைக் காட்டச் சொன்னேன், கவுத்துட்ட. அன்னிக்கு நெசமா எத்தனை?”

பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். அவளைத் தவிர அதைப் பார்த்த கண் இல்லை. தராசுக்காரர் அவளுக்காக வாய் திறக்கத் தயாராக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது. நான்கு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

“ஒன்பது,” என்றாள்.

கிடங்கின் கூரை பறந்துவிடும் போல் சத்தம் எழுந்தது.

“அன்னிக்குச் சொன்னது பொய்,” என்று எழுந்து நின்று கத்தினாள். “இன்னிக்குச் சொல்றது பொய் இல்ல! கூடையைக் கவுத்துப் பாருங்க! கவுத்துப் பாருங்கய்யா!”

யாரும் கவிழ்க்கவில்லை. நசுங்கிய ஆலிவைப் பிசைந்து உருட்டிய தக்காளி அளவு உருண்டை ஒன்று அவள் தோளில் வந்து மோதியது. தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பத்து வருடமாகப் பக்கத்தில் நின்ற மனிதர், ஒன்பதா என்று தனக்குள் சொல்லிக்கொண்டது அந்தச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டது. எறிந்த உருண்டையைவிட அது வலித்தது.

அன்றோடு மேடை போனது. கூடை கழுவும் இடத்துக்கு அவளை மாற்றினார்கள். ரப்பர் பூட்ஸ், தண்ணீர்க் குழாய், நாள் முழுக்க ஈரம். மேடைக்கு மேனேஜரின் சகலை வந்தான். அவனுக்கு எல்லோரையும் பிடிக்கும். கூடையின் மேல்பரப்பைத் தட்டிக்கொடுத்து, “நல்ல சரக்குதான் அண்ணாச்சி, முதல் தொட்டி,” என்பான். இரண்டு நாளில் அவனுக்கு ஊரே சொந்தம் ஆனது. ஒருவர் வீட்டுக் கோழியை அறுத்துக் கொடுத்தார் என்று கேள்வி.

கூடை கழுவும் இடத்தில் இருந்தே அவளுக்குத் தெரிந்தது. காலியாக வந்த கூடைகளின் அடியில் ஆரஞ்சுப் பசை அப்பிக்கிடந்தது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த பழத்துக்குள்ளும் நோய் பதுங்கியிருந்தது; மூட்டையின் சூட்டில் இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டது. ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, “உனக்கு வேலை இருக்கிறதே பெரிசு,” என்றார். அவள் கூடையைத் திரும்ப எடுத்துவந்து கழுவினாள்.

மூன்றாம் வாரம் இயந்திரக்காரர் அவளைத் தேடி வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். “முதல் தொட்டி எண்ணெய் எல்லாம் சேருற பெரிய தொட்டியிலேருந்து எடுத்தது. நீ ஒரு தடவை பாரு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெயில் செம்மை தட்டியிருந்தது. மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எவ்வளவு கலந்தாச்சு?”

“எல்லாமே. நல்ல தோட்டத்துச் சரக்கும் இதுலதான்.”

“அப்ப அவங்களுதும் போச்சு.”

வாங்குபவர்கள் அந்த வருட எண்ணெய் முழுவதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய தொட்டி மொத்தமும் சோப்புக்குப் போனது. மருந்தடித்து, மரத்தைக் கவாத்து செய்து, பழம் பழுக்கும் முன்னே பறித்துக் கொண்டுவந்த நாலைந்து பேரின் நல்ல எண்ணெயும் அதோடு போனது. அவர்கள் சகலையை மேடையிலேயே பிடித்து உலுக்கினார்கள். மற்றவர்கள் அப்போதும் அவளைத்தான் திட்டினார்கள். கரிநாக்கு, சொன்னபடியே ஆகிவிட்டது என்றார்கள். கழுவுற கூடையில என்னத்தையோ தடவிவிட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. அண்ணன் எதுவும் சொன்னதாக அவள் காதுக்கு வரவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, குடை நுனியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வர்ற அறுவடைக்கு நீ மேடைக்கு வந்துடு.”

“நான் பொய் சொன்னவ.”

“ஒரு தடவைதானே.”

“ஒரு தடவைன்னு நான் சொல்றேன். நீங்க நம்புறீங்களா?”

மேனேஜர் தரையில் இன்னொரு கோடு போட்டார்.

“அதான் சொல்றேன். மேசையை நடுவுல போடுங்க. எந்தக் கூடைன்னு தோட்டக்காரரே காட்டட்டும். அவர் கண்ணு முன்னாடி எண்ணுவேன். சந்தேகம்னா அவரே திரும்ப எண்ணட்டும். எண்ணி முடிக்கிற வரைக்கும் தட்டை யாரும் கவுக்கக் கூடாது, நான் உட்பட.”

“ஒவ்வொருத்தனும் நின்னு உன்னைத் திட்டுவானே.”

“இப்ப மட்டும் மடியில வச்சுக் கொஞ்சுறாங்களா?”

இன்னொன்றும் கேட்டாள். மரத்தில் வற்றித் தொங்கும் பழத்தையும் கீழே விழுந்ததையும் பொறுக்கி எரிக்காத தோட்டத்துச் சரக்குக்கு முதல் தொட்டி கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். மேனேஜர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு எழுதினார். அதன் மேல் யாரோ காறித் துப்பியிருந்தார்கள். எழுத்து அழியவில்லை.

அடுத்த அறுவடை சுமாரான மழையோடு வந்தது. புது முறையில் ஒரு வண்டிக்கு இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. வரிசை கேட்டுக்கு வெளியே சாலை வரை நீண்டது. அதற்கும் அவளைத்தான் வைதார்கள். சிலர் திரும்ப எண்ணினார்கள். எண்ணிக்கை அதேதான் வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். தராசுக்காரர் அவளோடு பேசத் தொடங்கியிருந்தார். எடையை மட்டும். வேறு பேச்சு இல்லை.

எட்டாம் நாள் அண்ணனின் வண்டி வந்தது. அவன் கைகளில் முழங்கை வரை புதிதாகக் கீறல்கள். பழங்களில் காம்போரம் நீலம் நீலமாகத் திட்டு காய்ந்திருந்தது. மருந்து அடித்திருக்கிறான், கிளை வெட்டியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் தாமதமாகத் தொடங்கியிருந்தான். மேற்கு ஓரத்து மரங்களுக்குக் கை எட்டவில்லை போலிருக்கிறது. அவன் ஒரு கூடையைக் காலால் தள்ளினான். அது மேலேயிருந்த கூடையும் இல்லை, நல்ல கூடையும் இல்லை.

அவள் கையை விட்டாள். நூறு எடுத்தாள். அவன் எதிரே நின்று, இமை கொட்டாமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்கள் வண்டிகளை விட்டு இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று பார்க்கத்தான் வந்தார்கள். ஒன்பதோ எட்டோ சொல்லிவிட்டால் பழைய கணக்கு தீர்ந்தது என்று அவளுக்கும் ஒரு எண்ணம் ஓடியது. ஓடியதை அவள் மறைக்க முடியாது. ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினாள்.

“பன்னெண்டு,” என்றாள். “ரெண்டாம் தொட்டி.”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் அவளை நகரச் சொல்லிக் கையை ஆட்டினான். மேசை முன் குனிந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். நல்லது என்று அவள் விட்டிருந்த பழங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் எடுத்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு பழத்தை எடுத்துக் காம்பு இருந்த இடத்தை நகத்தால் கீறினான். அடியில் கடுகளவு பழுப்பு.

அதை அவள் முன்னால் தட்டில் போட்டான்.

“பதிமூணு,” என்றான். “உனக்கு ஒழுங்கா எண்ணவும் தெரியல.”

அவள் கத்தியால் வெட்டிப் பார்த்தாள். உள்ளே வழுக்கியது. அவன் சொன்னதுதான் சரி.

“பதிமூணு,” என்று தராசுக்காரரிடம் திருத்திச் சொன்னாள்.

அண்ணன் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூடைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப் போய் இரண்டாம் தொட்டியில் தானே கொட்டினான். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு வண்டியில் ஏறினான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் தன் கூடையை முன்னால் இழுத்து வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “ம், எண்ணு, பாப்போம்,” என்றார்.